ரீஜன் இலவசம்

கவுண்டருக்குப் பின்னால் புதிதாக நிற்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களுக்கு உதவும்படி எதையாவது எழுதித் தரச் சொல்லி முதலாளியின் மகன் ஆள் அனுப்பியிருந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பேச்சும் வராது. நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஆள் தாம்பரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்பனைக்கு நின்றே காலத்தை ஓட்டினேன். நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. டாக்டர் இனி நிற்கவே கூடாது என்று சொன்னதால், தலை முழுக்க நரைக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

நிறைய பேசுகிறவன்தான் நன்றாக விற்பான் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது பாதிதான் உண்மை. பேசிப் பேசி ஒரு வார்த்தையைக் கெடுத்துவிட்டால், பிறகு அந்த வார்த்தை உண்மையிலேயே தேவைப்படும்போது அது கையில் இருக்காது. இதை நான் ஒரு டிவிடி பெட்டி விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன். இன்று நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

செல்போனில் படம் பார்க்காத காலம் அது. கையில் தூக்கிப் போகிற டிவிடி பெட்டி வந்த புதிது. புத்தகம் மாதிரி திறந்தால் மேலே சின்னத் திரை, கீழே டிஸ்க் போடும் இடம். அதை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மகனோ மகளோ வெளிநாட்டில் இருப்பார்கள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த பையனைக் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பும். திரும்பும்போது அவன் சூட்கேஸ் நிறைய அங்கே வாங்கிய டிஸ்க்கோடு வருவான். இங்கே வாங்கிய பெட்டியில் போட்டால் ஓடாது. உடனே எங்கள் கடைக்கு வந்து சண்டை.

ஓடாததற்குக் காரணம் இதுதான். படம் எடுக்கிற பெரிய கம்பெனிகள் உலகத்தை மனை பிரிப்பது போலப் பிரித்து நம்பர் போட்டிருந்தன. அந்த மண்டலத்துக்குத்தான் ரீஜன் என்று பெயர். அமெரிக்கா ஒன்று. லண்டனும் அரபு நாடுகளும் இரண்டு. நாம் ஐந்து. ஒன்றாம் நம்பர் டிஸ்க்கை ஐந்தாம் நம்பர் பெட்டியில் போட்டால் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். எல்லா நம்பரையும் ஏற்கிற பெட்டியும் உண்டு. அதன் அட்டையில் 'ரீஜன் ஃப்ரீ' என்று ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். நம்பர் கட்டுப்பாடு இல்லை என்று அதற்கு அர்த்தம்.

அந்த ஸ்டிக்கரை ஒட்டியவனை நான் நேரில் பார்த்திருந்தால், கூச்சத்தை விட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆடி மாதம் தாம்பரத்தில் எந்தக் கடை வாசலில் போய் நின்றாலும் மிக்ஸி வாங்கினால் ஹாட்பேக் ஃப்ரீ, டிவி வாங்கினால் ஸ்டாண்ட் ஃப்ரீ, கிரைண்டர் வாங்கினால் குடம் ஃப்ரீ. ஆங்கிலத்தில் ஒரு எழுத்தும் தெரியாதவர்கள்கூட அந்த ஒரு வார்த்தையைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவார்கள். அந்த ஊரில், அந்த மாதத்தில், 'ரீஜன் ஃப்ரீ' என்று ஒட்டினால் என்ன ஆகும்?

ஆடித் தள்ளுபடி உச்சத்தில் இருந்த ஒரு நாள், அஸ்தினாபுரத்திலிருந்து சிமெண்ட் கடைக்காரர் ஒருவர் வந்தார். அந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். நிலமெல்லாம் மனையான பிறகு மனைகளுக்கே சிமெண்ட் விற்கிறவர். வெள்ளைச் சட்டை, வாசலில் பேசினால் கடையின் கடைசி அலமாரி அதிரும் குரல்.

“கைல தூக்கிகினு போற டிவிடி கீதாமே, அத எடு.”

யாருக்கு என்று கேட்டேன். எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்காமல் எதையும் எடுத்து வைக்காதீர்கள்.

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “என் பேரன்பா. அமெரிக்காலேந்து என் பொண்ணு இஸ்துகினு வந்தா. அஞ்சு வயசு. வந்த மறுநாளு வாசக் கேட்டு மேல ஏறி ஆடிகினு இருந்தான். நாந்தான் தள்ளிவுட்டுகினு இருந்தேன். கை நழுவிட்சி. தொடை எலும்பு முறிஞ்சிட்சி.”

பையன் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தான். கத்தி வைக்காமல் எலும்பைக் கூட வைக்கப் பார்க்கிறார்கள். காலை இழுத்துக் கட்டி, கட்டில் முனையில் எடை தொங்கவிட்டிருக்கிறார்கள். வாரக்கணக்கில் அசையாமல் மல்லாந்தே கிடக்க வேண்டும். எலும்பு நகர்ந்துவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வயதுப் பையன் எப்படி அசையாமல் கிடப்பான்? அவன் ஊரில் பார்க்கிற பொம்மைப் பட டிஸ்க்குகள் சூட்கேஸில் வந்திருந்தன. அதைப் போட்டால் கிடப்பான் என்றாள் மகள்.

நான் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தேன். ஒன்று பெயர் பெற்ற கம்பெனி, திரை பெரியது, ஆனால் நம் ஐந்தாம் நம்பர் மட்டும்தான் ஓடும். மற்றது பெயர் தெரியாத கம்பெனி, திரை சின்னது, ஆனால் அந்த ஸ்டிக்கர் ஒட்டியது. “உங்களுக்கு இதுதான் சரிப்படும் சார். அமெரிக்கா டிஸ்க் அதுல ஓடாது” என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தார். “போட்டுக் காட்டு.”

எனக்குச் சந்தோஷம். டிஸ்க்கோடு வருகிற வாடிக்கையாளர் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியவர். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் ஊதா நிறம். மேலே பேனாவில் ஏதோ கிறுக்கியிருந்தது. ஏதோ ஒரு கடையில் நகல் எடுத்த டிஸ்க்.

“சார், இது காப்பி. ஒரிஜினல் வேணும்.”

“ஒரிஜினல் பீரோல கீது.”

“அதைத்தான் சார் போட்டுப் பாக்கணும். காப்பி எடுக்கும்போது நம்பர் கட்டுப்பாடு போயிடும். காப்பி எதுல போட்டாலும் ஓடும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “இன்னாபா பேசற? எந்த ஆபீசுக்குப் போனாலும் ஜெராக்ஸ்தான் கேக்கறான். பத்தரத்துக்கு ஜெராக்ஸ், ரேஷன் கார்டுக்கு ஜெராக்ஸ். ஒரிஜினலக் கைல எடுத்துகினு ரோட்ல நடக்கிறவன் உருப்புட்ருக்கானா? கடைக்குக் காட்டறதுக்கு ஜெராக்ஸ் போதும்னுதான் ஒண்ணு போட்டுகினு வந்தேன்.”

அவர் வாழ்க்கையில் அது சரியான வழக்கம். மனை வாங்கி விற்கிற ஊரில் ஒரிஜினலை வெளியே எடுக்காதவன்தான் பிழைத்தான். டிஸ்க்குக்கு மட்டும் அது பொருந்தாது என்பதை எப்படிப் புரிய வைப்பது? பின்னால் வரிசை நின்றது. ஒருவர் மிக்ஸி மூடி பொருந்தவில்லை என்று மூடியால் கவுண்டரைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

போட்டேன். பொம்மைப் படம் வரும் என்று பார்த்தால், வெள்ளைக்காரப் பெண்கள் வரிசையாகப் பாய் விரித்துக் காலைத் தூக்கி ஆசனம் போட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கால்குலேட்டரைப் பார்த்தேன்.

“என் பொண்ணு எக்சசைஸ் பண்ற டிஸ்க்குபா அது. மேலாப்ல இருந்திச்சி, குட்த்து ஜெராக்ஸ் போட்டுகினேன். டெஸ்ட்டுக்கு எதுவா இருந்தா இன்னா?”

எதிர்பார்த்தபடியே அது இரண்டு பெட்டியிலும் ஓடியது. அவர் பெரிய திரையின் மேல் கையை வைத்தார். “இதத்தான் எடுத்துக்கப் போறேன். பளபளன்னு கீது.”

“சார், ஒரிஜினல் இதுல ஓடாது.”

“கண்ணால பாக்கறேன் ஓடுது. நீ ஓடாதுங்கற. அந்தப் பேர் தெரியாத பொட்டிய என் தலைல கட்டப் பாக்கற. இத்தினி வயசாச்சி, எனக்குத் தெரியாதா?”

சொல்லிக்கொண்டே அவர் கண் ஸ்டிக்கர் மேல் போனது. எழுத்துக் கூட்டினார். “அதுல இன்னாபா ஃப்ரீ?”

“ரீஜன் சார்.”

நான் அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் அவர் விட்டால்தானே?

“அந்தப் பொட்டிக்கு ரீஜன் ஃப்ரீ. இதுக்கு இன்னா ஃப்ரீ?”

“இதுக்கு ரீஜன் ஃப்ரீ இல்ல சார்.”

“வெல ஒசந்த பொட்டிக்கு ஒண்ணும் கெடயாது, வெல கொறஞ்சதுக்கு ரீஜன் ஃப்ரீயா? எந்த ஊரு நியாயம்பா இது? அந்த ரீஜன எடுத்து இதுக்குக் குடு.”

“அது பொருள் இல்ல சார்…”

“ஆங், ஸ்டாக் இல்லன்னு சொல்லு. ஒளிச்சு வச்சிகினு வேண்டியவனுக்குக் குடுப்பீங்க. எனக்குத் தெரியும்.”

வரிசையில் நின்ற ஒரு அம்மா, “எனக்கும் போன வாரம் டிவிக்கு ரீஜன் தரலீங்க” என்றார். சத்தியமாகச் சொன்னார். மிக்ஸிக்காரர் மூடியைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, அது எந்த சைஸ் என்று விசாரித்தார்.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். நல்ல மனிதர், ஆனால் ஆடி மாதத்தில் எந்த முதலாளிக்கும் பொறுமை இருக்காது. மிக்ஸிக்குக் கொடுக்கிற பச்சை நிற ஹாட்பேக் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தார்.

“இந்தாங்க சார், ரீஜன். பில்லப் போடுப்பா.”

சிமெண்ட் கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். திருப்தியாகச் சிரித்தார். “கேட்டாத்தான் குடுக்கறீங்க” என்று பெரிய திரைப் பெட்டியை ஒரு கையிலும் ரீஜனை மறு கையிலும் எடுத்துக்கொண்டு போனார். சண்டை முடிந்தது என்று முதலாளிக்கு நிம்மதி.

மறுநாள் காலை கடை திறந்ததும் போன் வந்தது. எடுத்தவன் நான்தான்.

“ஏமாத்திட்டீங்களேபா! ஒரு டிஸ்க்கும் ஓடல! புள்ள கத்தறான்!”

“சார், நேத்தே சொன்னேன். அந்தப் பெட்டிக்கு ரீஜன்தான் பிரச்னை…”

“ரீஜன் இங்க இல்ல, வூட்ல கீது. பொட்டியோட சேர்ந்து இருக்கணும்னு ஏன் சொல்லல? அதுல இட்லி வச்சிருந்தாங்க. இரு, எடுத்துகினு வரச் சொல்றேன்.”

“ஐயோ சார், அது இல்ல ரீஜன்…”

“நேத்து அதான் ரீஜன்னீங்க, இன்னிக்கு அது இல்லங்கறீங்க. பேஜார் பண்ணாதபா!” போனை வைத்துவிட்டார்.

பாருங்கள், அந்த ஒரு வார்த்தையை வைத்து அரை நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். அது இப்போது இட்லி வைக்கிற பாத்திரத்தின் பெயர். இனி நான் ரீஜன் என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் மூடியைத்தான் தேடுவார். போனில் பின்னணியில் அந்தப் பையன் கத்தியது இன்னும் காதில் இருந்தது. கோபத்தில் கத்துகிற குழந்தை எப்படிக் கத்தும்? உடம்பு முழுக்க முறுக்கிக்கொண்டுதானே?

ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் முந்தின நாளே விற்றுப்போய், ஷோகேஸில் வைத்திருந்த ஒன்றுதான் மிச்சம். அதைக் கழற்றினேன். “டிஸ்ப்ளே பீஸ் வெளிய போகக் கூடாதுன்னு தெரியுமில்ல?” என்றார் முதலாளி. எனக்கு எதிர்த்துப் பேச வராது. அதனால் பேசாமல் ஒயரைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பேச வராததில் இப்படி ஒரு வசதியும் உண்டு.

ஆஸ்பத்திரி அறையில் நான் பார்த்தது இதுதான். கட்டிலில் அந்தச் சின்னப் பையன் முகம் சிவந்து கிடக்கிறான். கால் இழுத்துக் கட்டியிருக்கிறது. கட்டில் முனையில் கயிற்றில் தொங்குகிற எடை, அவன் முறுக்குகிற முறுக்கில் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. அவன் மார்புக்கு மேலே நீட்டிய மேசையில் டிவிடி பெட்டி. அதற்குப் பக்கத்தில், ஒட்டி, பச்சை ஹாட்பேக். சிமெண்ட் கடைக்காரர் அதைப் பெட்டிக்கு இடப் பக்கம் வைத்துப் பார்க்கிறார், வலப் பக்கம் வைத்துப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் டிவிடி பெட்டியைத் திறந்து டிஸ்க்கைப் போட்டு, “தோ வந்துச்சி பாரு, தவள வந்துச்சி பாரு” என்கிறார். பையன் தலையைத் தூக்கி எட்டிப் பார்க்கிறான். திரையில் அந்த ஆங்கில வரி. உடனே அலறல். எடை ஆடுகிறது.

அவர் மகள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பல நாளாகத் தூங்காத முகம். “அப்பா, போதும்பா, ப்ளீஸ். ரீஜன் கோட் வேற. ரீஜன்னா இந்த டப்பா இல்லப்பா.”

“கடைக்காரனே குடுத்தாம்மா! தோ வந்துட்டாரு, அவரையே கேளு.” என் பக்கம் திரும்பினார். “நீங்கதானேபா இத ரீஜன்னு குடுத்தீங்க?”

அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நர்ஸ் வேறு கதவில் நின்று, “யாருங்க அது மறுபடி மறுபடி அவனைத் தூண்டி விடறது? எலும்பு நகர்ந்தா டாக்டர் என்னைத்தான் கேப்பார்” என்று சத்தம் போட்டார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் பையில் வேறு பெட்டி இருக்கிறது. அதை எடுத்து அப்படியே மேசையில் வைத்து, இது ஓடும் என்று சொல்லிவிட்டால் நான் நல்லவன் ஆகிவிடுவேன். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் அந்தப் பையனுக்கு ஏமாற்றம் ஒவ்வொன்றும் ஒரு முறுக்கு. நான் கொண்டுவந்ததும் ஓடவில்லை என்றால்? ஸ்டிக்கரை நம்பியா ஒரு காலைப் பணயம் வைப்பது?

நான் ரீஜன் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. “மொதல்ல இதெல்லாம் வெளிய எடுத்துட்டுப் போகணும் சார்” என்றேன். “பெட்டி, டிஸ்க், எல்லாமே. தம்பி கண்ணுல படக் கூடாது.”

“வந்ததே பொட்டிய ஓட வைக்கத்தானே, தூக்கிகினு போறேங்கற?”

“அண்ணா சொல்றது கரெக்ட்பா” என்று மகள் டிஸ்க்குகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டாள். நல்லவேளை. நான் இன்னொரு வாக்கியம் பேச வேண்டியிருந்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன்.

வராந்தாவில் குடிதண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் இருந்தது. தரையில் உட்கார்ந்து என் பெட்டியைச் செருகினேன். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் காலால் ஒயரைத் தாண்டிக்கொண்டே இருந்தார்கள். தாத்தா பேரனுக்குப் பிடித்த தவளை டிஸ்க்கை என் கையில் திணித்தார். ஒரு தவளை பஸ் ஓட்டுகிற படமாம். “இதப் போடு மொதல்ல. அவன் உசுரே இதான்.”

போட்டேன். ஓடவில்லை.

எல்லா நம்பரையும் ஏற்கும் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியிலும் ஓடவில்லை. சில டிஸ்க்குகளுக்கு அப்படி ஒரு கில்லாடித்தனம் உண்டு. எல்லா நம்பருக்கும் தலையாட்டுகிற பெட்டி என்று கண்டுபிடித்துவிட்டால் உள்ளே விடாது. பெட்டியை ஒன்று என்ற நம்பரில் மட்டும் தனியாக நிறுத்தினால்தான் திறக்கும். அதற்கு ரிமோட் வேண்டும். ஷோகேஸ் பெட்டிக்கு ரிமோட் எங்கே இருக்கும்? கடையில் ஏதோ ஒரு டிராயரில்.

“இதுவும் போச்சா?” என்றார் அவர். முதல் முறையாக அவர் குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவில் வந்தது. கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அறைக்குள்ளிருந்து பையனின் அழுகை மறுபடி கிளம்பியது. நகல் எடுக்கிற ஆளிடம் ஓடினால் அரை நாள் போகும். கடைக்கு ஓடி ரிமோட்டைத் தேடினாலும் மதியம் ஆகும். நான் மீதி டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். டிராக்டர் ஓடியது. நாய்க்குட்டிகள் ஓடின. எண் சொல்லித் தருகிற ஒன்று ஓடியது. தவளை மட்டும்தான் மறுத்தது. ஓடியதை ஒரு பக்கமும், தவளையை என் சட்டைப் பைக்குள்ளும் வைத்தேன்.

“இத இப்ப உள்ள கொண்டுபோகாதீங்க சார். பேரே எடுக்காதீங்க.”

“அவன் தவளதான் கேப்பான்பா. நான் அவன்கிட்ட சொல்லிட்டேன், தாத்தா தவளையக் காட்டறேன்னு.”

“இன்னிக்கு ஓடாது சார்.”

இந்த மூன்று வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? விற்பனைக்காரன் வாயில் கடைசியாக வருகிற வார்த்தைகள். இருக்கு சார், வரும் சார், ஆகிடும் சார் என்றுதான் நமக்குப் பழக்கம். முந்தின நாள் கவுண்டரில் நாங்கள் அந்த ‘ஓடாது’ என்பதிலேயே உறுதியாக நின்று, ஹாட்பேக்கை அலமாரியிலேயே விட்டிருந்தால், அவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போயிருப்பார். அங்கேயாவது சரியான பெட்டி கிடைத்திருக்கும்.

மகள் உள்ளே போய்ப் பையனிடம் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினாள். தவளை இன்று லீவு என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. அவன் விசும்பினான். நான் ஒயரைக் கழற்றி, பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருந்த பெட்டியைத் தூக்கிவந்து, டிராக்டர் திரையில் போய்க்கொண்டிருக்கும்போதே மேசையில் வைத்தேன். மூடியைத் திறக்கிற, காத்திருக்கிற வேலையே இல்லை. பார்த்ததும் ஓடுகிறது. அவன் அழுதுகொண்டே பார்த்தான், பிறகு அழுவதை மறந்து பார்த்தான். தலை தலையணையில் பதிந்தது.

தாத்தா திரையைப் பார்க்கவில்லை. கட்டில் முனையில் குந்தி உட்கார்ந்து, தொங்குகிற எடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆட்டம் குறைந்து குறைந்து, நேராக நின்றது. அவர் அதைத் தொடப் போனார். நர்ஸ் “சார்!” என்றார். கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “நின்னுட்சிபா” என்றார்.

அன்று மாலையே முதலாளி டிராயர்களைக் கொட்டிக் கவிழ்த்து ரிமோட்டைத் தேடிக் கொடுத்தார். மறுநாள் தவளை பஸ் ஓட்டியது. பெரிய திரைப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். எலும்பு நகரவில்லை. ஆபரேஷன் இல்லாமலே கூடியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக முடித்திருப்பேன். வாடிக்கையாளர் அப்படி விடுவாரா? பையனை வீட்டுக்கு அழைத்துப் போன பிறகு ஒரு நாள் சிமெண்ட் கடைக்காரர் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். பழைய குரல் திரும்பியிருந்தது.

“இன்னாபா பொட்டி குடுத்த நீ? டாக்டரு நடக்கச் சொல்றாரு, எழுந்திரிக்கவே மாட்டேங்கறான். தவளையப் பாத்துகினு படுத்தே கீறான். நடந்தாத்தான் காலு பலம் வருமாம். இதுக்கு ஒரு வழி பண்ணு.”

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அசையாமல் கிடக்க வைக்க அத்தனை பாடு. இப்போது அசைய வைக்க வேண்டுமாம், அதற்கும் நானாம். பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். பெட்டியை அவரிடம் கேட்டால் கொடுக்க மாட்டார். பேரன் அழுவான் என்று பயம்.

“சார், சார்ஜர மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க.”

புரிய அவருக்குச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும், பேரம் பேசாமல், பையிலிருந்து எடுத்துக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து, கூட்டமில்லாத மதிய வேளையில், ஆட்டோ ஒன்று கடை வாசலில் நின்றது. தாத்தா இறங்கினார். பின்னால் பையன் இறங்கினான். அவர் தூக்கப் போனார், அவன் கையைத் தள்ளிவிட்டான். ஒரு காலை இழுத்து இழுத்து, படிக்குப் படி நின்று, கடை வாசல் படிகளைத் தானே ஏறி வந்தான். கவுண்டர் அவன் தலைக்கு மேலே இருந்தது. அதன் மேல் ஒரு சின்னக் கை மட்டும் விரிந்தபடி வந்து நின்றது.

“சார்ஜர்” என்றான்.

ஆஸ்பத்திரியில் அவன் பேசியது ஒன்றுகூட எனக்குப் புரிந்ததில்லை. இது புரிந்தது. டிராயரில் கை வைத்தேன். எடுத்துக் கொடுத்திருப்பேன். தாத்தா அவன் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று எனக்குக் கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு வா தம்பி” என்றேன்.

“டுமாரோ, டுமாரோ” என்று அவர் கடை அதிர மொழிபெயர்த்தார்.

பையன் என்னை முறைத்துவிட்டு, திரும்பி, படிகளை ஒவ்வொன்றாக இறங்கிப் போனான். மறுநாளும் வந்தான்.